மொர்மன் திருச்சபையின் குருத்துவ விலக்கும் ஸ்பென்சர் கிம்போலின் தீர்மானமும் – ஒரு வரலாற்று நோக்கு

சமய நிறுவனங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் எதிர்நோக்கும் வினாக்களுள் தலையாயது, ஒரு காலத்து வழக்கம் எவ்வாறு மறைநூற் கோட்பாடாக மாற்றம் பெறுகின்றது என்பதாகும். அதனோடு பிரிக்கவொண்ணாத பிறிதொரு வினாவும் உண்டு. இறைவனின் ஆணையெனப் பல தலைமுறைகள் நம்பிவந்த ஒன்றைப் பின்னொரு நாளில் கைவிட நேரும்போது, அந்நிறுவனம் தன் கடந்த காலத்துக்கு எவ்வாறு கணக்குக் கொடுக்கின்றது என்பதே அது. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய மொர்மன் திருச்சபையின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. ஆபிரிக்க வழித்தோன்றல்களுக்குக் குருத்துவத்தை மறுத்த விலக்கு அச்சபையில் 1852ஆம் ஆண்டு தொடக்கம் 1978ஆம் ஆண்டு வரை நிலவியது. அதனை நீக்கியவர் சபையின் 12ஆவது தலைவராகிய ஸ்பென்சர் கிம்போல் ஆவார்.

மொர்மன் மரபிற் குருத்துவம் என்பதன் பொருளை முதற்கண் தெளிந்துகொள்ளுதல் அவசியமாகும். கத்தோலிக்க மரபிற்போலத் தனிப் பயிற்சி பெற்ற ஒரு சிறு வகுப்பினருக்குரிய பணியன்று அது. தகுதியுடைய ஆண்கள் அனைவரும், பன்னிரண்டு வயதளவிற் சிறுவராயிருக்கும்போதே, படிப்படியாக அதனைப் பெறுதல் வழக்கம். சபையின் பொறுப்புக்கள் பெரும்பாலும் குருத்துவம் பெற்றோரிடமே ஒப்படைக்கப்படும். மேலும், குடும்பத்தினர் இறப்பின் பின்னரும் பிரியாதிருப்பர் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையான ஆலயச் சடங்குகளும் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. எனவே குருத்துவ விலக்கானது கறுப்பின ஆடவரைப் பதவியினின்று விலக்கியதோடு அமையவில்லை. கறுப்பினப் பெண்டிரையும் ஆலயத்தின் உயர் சடங்குகளினின்று விலக்கிற்று. அவர்களுடைய மறுமை வாழ்வு பற்றிய நம்பிக்கையையே அது தீண்டியது எனல் பொருந்தும்.

இவ்விலக்கு சபையின் தோற்றத்தோடு கூடப் பிறந்ததன்று. 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூ யோர்க் மாநிலத்தில் யோசேப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். அவர் காலத்திலேயே கறுப்பினத்தவர் சிலர் குருத்துவம் பெற்றிருந்தனர். அவருள் எலைஜா ஏபல் என்பவர் 1836ஆம் ஆண்டில் மூப்பராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் 'எழுபதின்மர்' எனப்படும் மறைபரப்புக் குழுவிலும் இடம்பெற்றார். தச்சுத் தொழிலாளியான அவர், நோவு நகரத்து ஆலயத்தின் கட்டுமானப் பணியிலும் ஈடுபட்டார். மசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிற் சவரத் தொழில் நடத்தியவரும் அடிமை ஒழிப்பு இயக்கத்திற் பங்குகொண்டவருமான வோக்கர் லூயிஸ் என்பாரும் குருத்துவம் பெற்றிருந்தார். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்மித்தின் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங், இந்த லூயிஸைச் சபையின் சிறந்த மூப்பருள் ஒருவராகப் பாராட்டிப் பேசியமை பதிவாகியுள்ளது.

அவ்வாறாயின், ஐந்தே ஆண்டுகளுள் அதே யங் நேர்மாறான நிலைப்பாட்டை மேற்கொண்டமைக்குக் காரணம் யாது? இதற்கு விடை காண, அக்காலச் சூழ்நிலையை நோக்குதல் வேண்டும். மொர்மன் மக்கள் 1830களில் மிசூறி மாநிலத்திற் குடியேறியபோது, அடிமை முறையை ஆதரித்த அம்மாநிலத்தார் அவர்களை ஐயக் கண்கொண்டு நோக்கினர். 1833ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சுதந்திர கறுப்பினத்தவர் குடியேற்றம் பற்றி மொர்மன் பத்திரிகையொன்றில் வெளிவந்த கட்டுரை பெருங் கலவரத்துக்கு ஏதுவாயிற்று, அச்சகம் அழிக்கப்பட்டது. 1838ஆம் ஆண்டில் அம்மாநில ஆளுநர் அவர்களை வெளியேற்றுமாறு ஆணை பிறப்பித்தார். 1844ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள் யோசேப் ஸ்மித் இலினோய் மாநிலத்திற் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலே குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டிருந்த அவர், பொது நிலங்களை விற்றுப் பெறும் பணத்தைக்கொண்டு 1850ஆம் ஆண்டளவில் அடிமைகள் அனைவரையும் மீட்க வேண்டுமென முன்மொழிந்திருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

யங்கின் தலைமையில் மொர்மன் மக்கள் 1847ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யூற்றாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கை வந்தடைந்தனர். அந்த முதற் குழுவிலேயே கிறீன் பிளேக் முதலிய மூன்று கறுப்பின அடிமைகள் இருந்தனர். தென் மாநிலங்களினின்று மதம் மாறி வந்தோர் தம் அடிமைகளையும் உடன் கொணர்ந்தனர். 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யூற்றாவில் 29 அடிமைகளே கணக்கிடப்பட்டனர். தொகை சிறிதெனினும், அவர்களுடைய சட்ட நிலை யாது என்பதை ஆட்சியாளர் வரையறுக்க வேண்டியதாயிற்று. இதனோடு, கறுப்பின ஆடவர் வெள்ளையினப் பெண்களை மணந்த செய்திகள் 1847ஆம் ஆண்டில் தலைவர்களிடையே கலப்பு மணம் பற்றிய அச்சத்தைத் தோற்றுவித்திருந்தன.

1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூற்றா ஆள்புல சட்ட சபை, கறுப்பினத்தவரை ஊழியத்திற் பிணிக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. யங் அப்பொழுது திருச்சபைத் தலைவர் மாத்திரமல்லர். ஆள்புலத்தின் ஆளுநராகவும் விளங்கினார். பெப்ரவரி 5ஆம் நாள் சட்ட சபையில் ஆற்றிய உரையில், ஆபிரிக்கர் காயீனின் வழித்தோன்றல்கள் எனவும், காயீன் மீது விழுந்த சாபத்தின் காரணமாக அவர்கள் குருத்துவத்துக்கு உரியரல்லர் எனவும் அவர் கூறினார். தமக்கு முன் எத்தீர்க்கதரிசியும் இதனைக் கூறாதிருப்பினும் தாம் கூறுவதாக அவர் உரைத்தமை உன்னிப்பாக நோக்கத்தக்கது. முன்னோடியான வெளிப்பாடு எதனையும் அவர் அவ்விடத்துச் சான்று காட்டவில்லை. எனினும், ஏனைய மாந்தர் அனைவரும் பெற்ற பின்னர் ஒரு நாள் அவர்களும் அதனைப் பெறுவர் என்ற வாசகத்தையும் அவர் விட்டுச்சென்றார். பிற்காலத்தில் விலக்கைக் காத்தோரும் நீக்கியோரும் ஒருங்கே இவ்வாசகத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டனர்.

அச்சபையில் எதிர்க்குரல் எழாமலில்லை. பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவராகிய ஓர்சன் பிராற், அடிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்தார். ஓர் இனத்தாரை அடிமைப்படுத்துமாறு இறைவன் தமக்குக் கட்டளையிட்டதற்கு ஆதாரம் எங்கே என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஜோர்ஜ் வொற் என்பவர் சுருக்கெழுத்திற் குறித்துவைத்த இவ்வுரைகள் நெடுங்காலம் படிக்கப்படாது கிடந்து, அண்மைக் காலத்திலேயே முழுமையாக எழுத்துப்பெயர்க்கப்பட்டன. விலக்கு ஒருமித்த மனத்தோடு எழுந்ததன்று என்பதை அவை புலப்படுத்துகின்றன. 1862ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஆள்புலங்கள் யாவற்றிலும் அடிமை முறையை ஒழித்தது. அடிமைச் சட்டம் பத்தாண்டுகளில் மறைந்தது. அதனோடு பிறந்த குருத்துவ விலக்கோ நூற்றிருபத்தாறு ஆண்டுகள் நிலைத்தது.

விலக்கு நிலைபெற்ற முறையை விளக்குவதற்கு எலைஜா ஏபலின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது. அவர் 1853ஆம் ஆண்டில் யூற்றாவுக்கு வந்து சேர்ந்தார். ஆலயத்தின் உயர் சடங்கைப் பெறுதற்கு அவர் விடுத்த வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 1879ஆம் ஆண்டில், அப்போதைய தலைவர் ஜோன் ரெயிலர் இதனைக் குறித்து விசாரணை நடத்தினார். யோசேப் ஸ்மித்தே கறுப்பினத்தவருக்குக் குருத்துவத்தை மறுத்ததாகச் சிலர் அவ்விசாரணையிற் கூறினர். ஆனால், நிறுவுநரின் சகோதரர் மகனும் அப்போஸ்தலருமாகிய யோசேப் எப். ஸ்மித், ஏபலிடம் திருநிலைப்பாட்டுச் சான்றிதழ்கள் இருத்தலை எடுத்துக்காட்டி அவர் சார்பிற் பேசினார். ஏபலின் குருத்துவம் பறிக்கப்படவில்லை. எனினும் ஆலயக் கதவு திறக்கப்படவுமில்லை. முதுமையிலும் மறைபரப்புப் பயணம் மேற்கொண்ட அவர், அதனின்று மீண்ட சிறிது காலத்தில் 1884ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இறந்தார்.

இனி நிகழ்ந்ததே வரலாற்று மாணவர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதாகும். 1908ஆம் ஆண்டளவில் யோசேப் எப். ஸ்மித் திருச்சபையின் தலைவராக விளங்கினார். ஏபலின் திருநிலைப்பாட்டை நிறுவுநரே செல்லாததாக்கினார் என அவர் அவ்வாண்டிற் கூறினார். சான்றிதழைக் காட்டி ஒரு காலத்தில் வாதாடியவரே, 29 ஆண்டுகளின் பின் அச்சான்றுக்கு முரணாகப் பேசினார். விலக்கு ஆதிமுதல் உள்ளதென நிறுவ வேண்டுமாயின், அதற்கு இடையூறாக நின்ற ஒரு மனிதரின் வாழ்க்கை இல்லையென்றாக்கப்பட வேண்டியிருந்தது. வழக்கம் தனக்கேற்ற நினைவைத் தானே உருவாக்கிக்கொண்டது. அந்நினைவே மீண்டும் வழக்கத்துக்குச் சான்றாயிற்று.

அதே 1908ஆம் ஆண்டிற்றான் ஜேன் மனிங் ஜேம்ஸ் என்ற மூதாட்டியும் இறந்தார். கனெற்றிகற் மாநிலத்திற் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்த அவர், 1843ஆம் ஆண்டில் தம் குடும்பத்தினரோடு நெடுந்தூரம் கால்நடையாகச் சென்று நோவு நகரை அடைந்து, யோசேப் ஸ்மித்தின் இல்லத்தில் வாழ்ந்தவர். தம் இறுதிக் காலத்தில், ஆலயச் சடங்கைத் தமக்கு அருளுமாறு சபைத் தலைவர்களை அவர் மீண்டும் மீண்டும் வேண்டினார். 1894ஆம் ஆண்டில் அவருக்கென ஒரு தனிச் சடங்கு வகுக்கப்பட்டது. அதன்படி, மறுமையில் அவர் ஸ்மித் குடும்பத்தோடு இணைக்கப்பட்டார். மகளாக அன்று, பணியாளாக. அச்சடங்கிற்கூட அவர் ஆலயத்துட் செல்ல அனுமதிக்கப்படவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். அவருடைய இறுதிச் சடங்கிற் பேசியவருள் யோசேப் எப். ஸ்மித்தும் ஒருவர்.

வழக்கம் நிலைத்த பின் அதற்குரிய விளக்கங்கள் பெருகின. காயீன், காம் ஆகியோரின் சாபம் பற்றிய கதை மொர்மன் மக்களுக்கே உரியதன்று. அடிமை உடைமையாளர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட விளக்கமே அது. ஆனால் தந்தையின் பாவத்துக்கு மைந்தரைத் தண்டித்தல் மொர்மன் கோட்பாட்டோடு பொருந்தவில்லை. மனிதர் தத்தம் பாவங்களுக்கே தண்டனை பெறுவர் என்பது அச்சபையின் விசுவாசக் கூற்று. இம்முரண்பாட்டைத் தீர்க்கப் புதியதோர் விளக்கம் எழுந்தது. ஆன்மாக்கள் பிறப்பதற்கு முன்னரே வானுலகில் வாழ்ந்தன என்பது மொர்மன் நம்பிக்கை. அவ்வாழ்விற் குறைவான பற்றுறுதி காட்டிய ஆன்மாக்களே கறுப்பினத்திற் பிறந்தன என்று சில தலைவர்கள் எழுதினர். 1931ஆம் ஆண்டில் யோசேப் பீல்டிங் ஸ்மித் எழுதிய நூல் இக்கருத்தைப் பரப்பியது. 1949ஆம் ஆண்டில் முதன்மைத் தலைமைக் குழு வெளியிட்ட அறிக்கை, விலக்கை இறைவனின் நேரடிக் கட்டளை என அறிவித்தது. விளைவைக் காரணமாகவும் காரணத்தை விளைவாகவும் மாற்றிக் காட்டும் இவ்வகை விளக்கம், பிறப்பையே குற்றத்துக்குச் சான்றாக்குவதாகும்.

1951 முதல் 1970 வரை தலைவராயிருந்த டேவிட் மக்கே, இந்நிலையிற் சிறிது நெகிழ்ச்சி காட்டினார். தென்னாபிரிக்காவில், தம் மரபின் எல்லாக் கிளைகளும் ஆபிரிக்காவுக்கு வெளியே தோன்றியன என நிறுவிய ஆடவரே குருத்துவம் பெறலாம் என்ற விதி இருந்தது. 1954ஆம் ஆண்டில் அங்குச் சென்ற மக்கே அதனை நீக்கினார். அவ்வாண்டில் மெய்யியற் பேராசிரியர் ஸ்ரேளிங் மக்மரினோடு தனிப்பட உரையாடியபோது, இவ்விலக்கு வழக்கமேயன்றிக் கோட்பாடன்று என அவர் கூறியதாக மக்மரின் பின்னர்ச் சான்றளித்தார். ஆயினும் மக்கே விலக்கை நீக்கவில்லை. அதற்கு இறைவெளிப்பாடு வேண்டும் என்பதே அவருடைய துணிபு. 1969ஆம் ஆண்டில் அவருடைய ஆலோசகர் ஹியூ பிறவுண் நிர்வாகத் தீர்மானத்தின் மூலம் விலக்கை நீக்க முயன்றார்; மூத்த அப்போஸ்தலர் ஹரோல்ட் லீயின் எதிர்ப்பினால் அம்முயற்சி கைகூடவில்லை. தலைமைக் குழுவும் பன்னிருவரும் ஒருமனப்பட்டாலன்றி இத்தகைய மாற்றம் நிகழவியலாது என்பது அச்சபையின் நடைமுறையாகும்.

அதே காலத்தில் வெளியுலகின் எதிர்ப்பும் உச்சமடைந்தது. 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், மொர்மன் சபைக்குரிய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு நடைபெறவிருந்த உதைபந்தாட்டப் போட்டியிற் கறுப்புப் பட்டி அணிய விரும்பிய 14 கறுப்பின வீரர்கள், வயோமிங் பல்கலைக்கழக அணியினின்று நீக்கப்பட்டனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு போட்டியிடுவதை நிறுத்தியது. உள்ளேயும் மாற்றத்தின் வித்துக்கள் ஊன்றப்பட்டன. 1971ஆம் ஆண்டிற் கறுப்பின உறுப்பினருக்காக 'ஜெனசிஸ்' என்னும் குழு சோல்ற் லேக் நகரில் அமைக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில், தொழிலால் மருத்துவரான லெஸ்ரர் புஷ், 'டயலொக்' என்னும் ஆய்விதழில் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். மூல ஆவணங்களை நுணுகி ஆராய்ந்த அவர், விலக்கு யோசேப் ஸ்மித்திடம் தோன்றியதற்குச் சான்றில்லை என்பதையும், அது யங்கின் காலத்திலேயே வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டினார். ஆதிமுதல் உள்ளது என்ற அரண் ஆவணங்களின் முன் தளர்ந்தது.

இத்தகைய வேளையில், 1973ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் ஸ்பென்சர் கிம்போல் தலைமை ஏற்றார். 1895ஆம் ஆண்டிற் பிறந்து அரிசோனா மாநிலத்தில் வளர்ந்த அவர், வணிகத்தில் ஈடுபட்டிருந்து 1943ஆம் ஆண்டில் அப்போஸ்தலரானவர். தொண்டைப் புற்றுநோய்க்குச் செய்த அறுவையாற் குரலைப் பெரிதும் இழந்தவர். அவரைத் தொடக்கமுதலே சீர்திருத்தவாதியெனக் கருதுதல் தவறாகும். அமெரிக்கச் சுதேச இந்தியரிடம் அவர் பேரன்பு கொண்டிருந்தார்; ஆயினும் 1960ஆம் ஆண்டுப் பொதுப் பேரவையில், மொர்மன் இல்லங்களில் வளரும் இந்தியச் சிறார் நிறத்தில் வெண்மையடைந்து வருகின்றனர் என மகிழ்ந்து பேசினார். கலப்பு மணத்தை அவர் ஊக்குவிக்கவில்லை. இன இழிவைக் கண்டித்த அதே மனத்தில், நிறம் பற்றிய பழைய எண்ணங்களும் குடிகொண்டிருந்தன.

எனினும், 1963ஆம் ஆண்டில் தம் மகனுக்கு எழுதிய கடிதத்திற் கிம்போல் ஒரு கருத்தை வெளியிட்டார். இறைவன் இக்கொள்கையை மாற்றவும், இவ்விழப்புக்குக் காரணமாயிருந்திருக்கக்கூடிய தவற்றை மன்னிக்கவும் வல்லவர் என்பதே அதன் கருத்து. தவறு நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இடமளித்தமையே அவரை ஏனையோரினின்று வேறுபடுத்தியது எனலாம். பிழைக்கு வாய்ப்பில்லை எனக் கருதுபவர் இறைவனிடம் மறுபடி வினாவார். ஆனால் அவ்வினாவில் ஐயம் இராது. கிம்போல் ஐயத்தோடு வினாவினார்.

வினாவை அவசரப்படுத்தியவை ஆபிரிக்காவும் பிரேசிலும் ஆகும். நைஜீரியாவிலும் கானாவிலும் மொர்மன் நூல்களைப் படித்தோர் 1960களிலேயே தாமாகச் சபைகளை அமைத்து, மறைபரப்பாளரை அனுப்புமாறு கடிதங்கள் எழுதிவந்தனர். விலக்குப் பற்றிய செய்தி நைஜீரியப் பத்திரிகையில் வெளிவந்ததும் அந்நாடு மறைபரப்பாளருக்கு நுழைவு அனுமதி மறுத்தது. பிரேசிலின் சாவோ பவுலோ நகரில் ஆலயம் கட்டப்படும் என 1975ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கிம்போல் அறிவித்தார். பல தலைமுறை கலந்து வாழ்ந்த அந்நாட்டில் ஆபிரிக்கக் குருதி யாரிடம் உண்டு, யாரிடம் இல்லை என எவர் வரையறுப்பார்? எல்வேசியோ மார்த்தின்ஸ் போன்ற கறுப்பின உறுப்பினர், தாம் நுழைய முடியாத அவ்வாலயத்தின் பணிக்குத் தம் உழைப்பையும் பொருளையும் ஈந்தனர். அவர்களுடைய பொறுமை, போராட்டக்காரரின் முழக்கத்தினும் கூர்மையான கண்டனமாயிற்று.

1978ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கிம்போல் பல நாட்கள் ஆலயத்திலே தனித்திருந்து மன்றாடினார். அப்போஸ்தலரை ஒவ்வொருவராக அழைத்து அவர்தம் கருத்தைக் கேட்டறிந்தார். யூன் 1ஆம் நாள் சோல்ற் லேக் ஆலயத்திற் கூடிய தலைவர்கள், தம் வேண்டுதலுக்கு விடை கிடைத்ததென ஒருமித்துச் சான்றளித்தனர். யூன் 8ஆம் நாளிட்ட கடிதம் மறுநாள் வெளியிடப்பட்டது. இனம், நிறம் என்ற வேறுபாடின்றித் தகுதியுடைய ஆண்கள் யாவரும் குருத்துவம் பெறலாம் என அது அறிவித்தது. யூன் 11ஆம் நாள் ஜோசப் பிறீமன் என்ற கறுப்பினத்தவர் மூப்பராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஒக்ரோபர் 30ஆம் நாள் சாவோ பவுலோ ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் மறைபரப்பாளர் நைஜீரியாவைச் சென்றடைந்தனர்.

இம்மாற்றத்தை வெளி நெருக்குதலின் விளைவென்று ஒரு சாராரும், தூய வெளிப்பாடென்று மற்றொரு சாராரும் விளக்குவர். முதற் கூற்றுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு; எதிர்ப்பு உச்சமடைந்த 1969இல் விலக்கு நீங்கவில்லை, அது தணிந்த பின்னரே நீங்கியது. இரண்டாவது கூற்றும் முழுமையானதன்று. புஷ்ஷின் ஆய்வும் பிரேசிலின் நிலைமையும் இன்றி அவ்வினா அத்துணை அழுத்தமாக எழுந்திராது. விடை எங்கிருந்து வந்தது என்பது விசுவாசத்தின் பாற்பட்டது. வினா எங்கிருந்து வந்தது என்பதே வரலாற்றாசிரியருக்கு உரியது.

1978ஆம் ஆண்டுக் கடிதத்தில் இல்லாதவையும் கருதத்தக்கன. விலக்கு ஏன் தோன்றியது என்பதற்கு விளக்கமில்லை, வருத்தமுமில்லை, பழைய விளக்கங்கள் மறுக்கப்படவுமில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அப்போஸ்தலர் புறூஸ் மக்கொங்கி, தாமும் யங் முதலியோரும் இதற்கு மாறாகக் கூறியவற்றை மறந்துவிடுமாறு ஆசிரியர்களுக்குக் கூறினார். மறத்தல் என்பது மறுத்தலன்று. விலக்கு நீங்கிய பின்னரும் சாபக் கதை வகுப்பறைகளில் உயிர் வாழ்ந்தது. 2012ஆம் ஆண்டில், பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆசிரியரொருவர் பழைய விளக்கங்களைச் செய்தித்தாளுக்குக் கூறியபோது, அவற்றைச் சபை கண்டிக்க நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெளியிட்ட கட்டுரையிலேயே, கறுப்பு நிறம் சாபத்தின் அடையாளம் என்ற கருத்தையும், பிறப்புக்கு முந்திய குறைபாடு என்ற கருத்தையும் சபை வெளிப்படையாகக் கைவிட்டது; ஏபலின் திருநிலைப்பாட்டையும் அதில் ஏற்றுக்கொண்டது. விலக்கை நீக்கியதற்கும் அதன் காரணங்களை நீக்கியதற்கும் இடையில் 35 ஆண்டுகள் கழிந்தன.

கிம்போல் 1985ஆம் ஆண்டில் இறந்தார். தம் காலத்தின் எண்ணங்களினின்று முற்றாக விடுபட்டவராக அவரைக் காண்பதற்கில்லை. ஆயினும், தமக்கு முன்னிருந்தோர் தவறியிருக்கலாம் என்ற எண்ணத்தை மனத்திற் சுமந்து, அதனை இறைவன் முன் வைக்கும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவு பலருக்குக் காலந்தாழ்ந்தே பயனளித்தது. ஜேன் மனிங் ஜேம்ஸ் வாழ்நாளெல்லாம் வேண்டிய ஆலயச் சடங்கு, அவருக்காக வேறொருவர் நிற்க, 1979ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. அவர் இறந்து 71 ஆண்டுகள் சென்றிருந்தன. மாற்றப்படக்கூடிய ஒரு வழக்கத்தை மாற்றவியலாத கட்டளையென நம்பியதன் விலை, அவ்வாண்டுகளாலேயே அளக்கப்பட வேண்டும்.